ஐம்பதடி

சீட்டுக் குலுக்கியது ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில்,
யூரியா வாசத்துக்கும் வர்க்கி வாசத்துக்கும் நடுவே
ஐந்து பேர்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பரிசு.
முந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது.
விதி சொன்னவர் போஜராஜ்;
வாரமெல்லாம் பச்சைத் தேயிலைக்கு எடை போடுகிறவர்,
சனிக்கிழமை இரவு மட்டும்
நாங்கள் நடமாடும் உலகத்துக்குக் கடவுள்.

என் சீட்டில் பெனாசிர்.

பெனாசிர்,
ஐப்பசியில் என்னைக் கொன்றவள்.

ஆட்டத்தில் அவள் திருடி, பெயர் சுண்டெலி.
நான் கவசமணிந்த மாவீரன்,
பதினான்கு மாதம் வளர்ந்தவன்,
அழித்து அழித்து எழுதியதில்
தாளில் உயிர்ப்புள்ளிக் கட்டமே ஓட்டையாகிப் போனவன்.
பாதாளக் கிணற்றில் நான் தொங்குகிறேன்.
மேலே கயிற்றின் நுனி அவள் கையில்.
பக்கத்தில் தங்கப் பெட்டி சரிகிறது.
"எதைப் பிடிக்கிற?" என்றார் போஜராஜ்.
யோசித்தாள்.
அந்த யோசனைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.
"ரெண்டையும்" என்றாள்.
இருபது முகப் பகடை மேசை விளிம்புவரை ஓடி
ஒன்றைக் காட்டி நின்றது.
நான் விழுந்தேன்.
பெட்டி என் தலைமேல் விழுந்தது.

இவளுக்கு என்ன வாங்குவது?

பகடையா, ஒன்பது செட் இருக்கிறது.
அந்த ஒன்றைக் காட்டிய பகடை மட்டும்
ஃப்ரீசரில், மத்தி மீனுக்கு அடியில்
தண்டனை அனுபவிக்கிறது.
கட்டம் போட்ட நோட்டா,
சர்வேயர் ஆபீஸில் வேலை பார்க்கிறவளிடம்
கட்டத்தைக் கொண்டுபோய் நீட்டுவதா?
விரலளவு பொம்மை ஆயிரத்து இருநூறு.
பேக்கரி செலஸ்டின்,
வர்க்கி மாவில் டிராகன் செய்து தருகிறேன் என்றான்.
அடுப்பிலிருந்து வெளியே வந்தது கோழி.
தின்றுவிட்டோம்.

போஜராஜ் வந்திருந்தால் கவலையில்லை,
ஒரு டப்பா தொண்டை மாத்திரை.
ஏழு அரக்கர், ஒரு ராணி, பேசும் கதவு,
எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை.
மினிபஸ் ஹாலனுக்கு
விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை,
டிக்கெட் கிழிக்கவும் ஆகும், பகடை உருட்டவும் ஆகும்.

டார்ச் என்றும் நினைத்தேன்.
ஆட்டம் முடியப் பதினொன்று ஆகிறது.
பூதங்களைத் துண்டுதுண்டாக வெட்டிய கையோடு
வீடு திரும்பும் வளைவில்
தேயிலைக்குள் கரடி.
அதற்குத் தன் முறை வரும்வரை
காத்திருக்கத் தெரியாது.
டார்ச் முந்நூற்று ஐம்பது.

படியிறங்கும்போது கண்ணில் பட்டது,
பூச்சிமருந்து டின்னுக்கு மேலே
நீல நைலான் சுருள்.
மீட்டர் பதினெட்டு.
"பதினஞ்சு மீட்டர் போடுங்க."
"மாடு கட்டவா?"
"கிணத்துக்கு."
"எத்தனை ஆழம்?"
"தெரியலைங்க. அடியைப் பாக்கறதுக்குள்ள
முடிஞ்சிருச்சு."

சனிக்கிழமை
ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி.
பெனாசிர் செய்தித்தாளைப் பிரித்தாள்.
செலஸ்டின் சிரித்தான். ஹாலன் விசிலடித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து
கதவிலிருந்து ஜன்னலுக்கும்
ஜன்னலிலிருந்து கதவுக்கும்
முட்டிபோட்டு நகர்ந்து அளந்தாள்.
நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டோம்.

"நாப்பத்தொம்பது அடி, ரெண்டரை அங்குலம்.
ஒம்பதரை அங்குலம் கம்மி."

சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு
தன் தாளில் 'கயிறு, ஐம்பதடி' என்றிருந்ததை
ஒரு கோடு போட்டு அடித்து
சரியான அளவை எழுதினாள்.
பிறகு நிமிராமலே கேட்டாள்:
"புது ஆளுக்குப் பேரு வெச்சிட்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"இந்த வாட்டி
கொஞ்சம் ஒல்லியா வை."